சிப்பியின் நாட்குறிப்பு: கொற்கைக் கடலும் பழைய வானிலையும்

கொற்கைக்குப் போகிறவர்கள் அங்கே கடலைத் தேடினால் ஏமாந்துதான் திரும்பவேண்டும். பாண்டியரின் பெருந்துறை என்று பள்ளிப் பாடத்தில் படித்த ஊர், இன்று வயலும் வாழையும் குளமும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கொற்கையைத் தூர்த்தது. துறை காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்தது, புன்னைக்காயல் எழுந்தது. பிறகு போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி. ஒரே துறைமுகம் இடம் மாறி மாறி வாழ்ந்த கதை இது. ஜோ டி குருஸ் தன் நாவலுக்குத் தூத்துக்குடி என்று பெயரிடாமல் 'கொற்கை' என்று பெயரிட்டதில் இந்தத் தொடர்ச்சி குறித்த உணர்வு இருக்கிறது.

கடல் போன பிறகும் அதன் தடயம் போகவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் கொற்கையைத் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் வருவதைக் கவனித்தார். யவனர் குறிப்புகளில் வரும் 'கொல்கோய்' இதுதான் என்று அடையாளம் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாறு இன்றும் படிக்கத்தக்க நூல். பின்னர் 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரித்துண்டின் வயது கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இல் மறுபடியும் குழிகள் தோண்டப்பட்டன.

இந்தச் செய்திகளில் நாம் எப்போதும் தேடுவது ஓர் ஆண்டை மட்டும்தான். கீழடி கி.மு. 580, சிவகளை நெல் கி.மு. 1155 என்று எண்கள் வந்ததும் நாம் மகிழ்ந்துபோகிறோம், அல்லது சண்டையிடுகிறோம். எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு அடுத்து நிற்கிற இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த ஆண்டில் மழை பெய்ததா? கடல் எவ்வளவு சூடாக இருந்தது? வாடை எப்போது ஓய்ந்தது? கொற்கை மண்ணில் கிடக்கும் சிப்பி இதற்கும் விடை சொல்லக்கூடும். அதைக் கேட்கும் முறையைப் பற்றியும், கேட்பதற்குள் நாம் எவ்வளவு சாட்சியங்களை எரித்துவிட்டோம் என்பதைப் பற்றியும்தான் இக்கட்டுரை.

*

கரிமக் காலக்கணிப்பைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கரிமம்-14 என்பது நிலையற்றது. உயிர் போனதும் அது ஈடுசெய்யப்படாமல் சிதைந்து குறையத் தொடங்குகிறது; எஞ்சியதை அளந்தால் எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிகிறது. அது ஒரு கடிகாரம். ஆனால் சிதையாத ஓரிடத்தான்களும் உண்டு. ஐசோடோப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். ஒரே தனிமம், ஒரே வேதிக்குணம், எடையில் மட்டும் சிறு வேறுபாடு. ஆக்சிஜன் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 9,976 அணுக்கள் 16 என்ற எடை கொண்டவை. இருபதைப் போல 18 என்ற எடை கொண்டவை. இந்த இருபது பேர்தான் நமக்கு வேண்டியவர்கள்.

எடை கூடிய அணு சற்று மந்தமானது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசானவை முந்திக்கொண்டு மேலேறுகின்றன; மேகம் மழையாகும்போது கனமானவை முதலில் இறங்குகின்றன. ஆகவே மழைநீரிலும் ஆற்றுநீரிலும் கடல்நீரைவிடக் கன ஆக்சிஜன் குறைவு. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போதும் ஒரு தேர்வு நடக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கன ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. சூடாக இருந்தால் குறைவாகச் சேர்கிறது. ஒரு பாகை செல்சியஸ் மாறினால் இந்த விகிதம் ஆயிரத்தில் ஏறத்தாழ 0.2 பங்கு மாறும். கண்ணுக்கோ நாவுக்கோ எட்டாத வேறுபாடுதான். நிறைமானிக்கு எட்டும்.

இதைக் கண்டறிந்தவர் ஹெரால்டு யூரி. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் பரிசு பெற்றவர். போருக்குப் பின் சிகாகோவில் இருந்தபோது, ஓரிடத்தான்களின் வெப்ப இயக்கவியலைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர், தன் கணக்கு ஒரு புவியியல் வெப்பமானியாக மாறுவதைக் கண்டார். 1951இல் அவரும் துணைவர்களும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த, கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் புதைபடிவத்தை மரத்தின் ஆண்டு வளையத்தைப் போலப் படலம் படலமாகச் சுரண்டி அளந்தார்கள். ஜுராசிக் காலத்து உயிர் அது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது, இளமையில் வெதுவெதுப்பான நீரில் இருந்தது, ஒரு வசந்தத்தில் இறந்தது என்று எழுதினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு ஜீவனின் கோடைகளையும் குளிர்காலங்களையும் எண்ணிச் சொன்னது விஞ்ஞானத்தின் அழகான தருணங்களில் ஒன்று.

செய்முறை எளிது. ஓட்டின் பொடியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் இட்டால் கரியமில வாயு வெளியேறும். அந்த வாயுவை அளப்பார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கிளியோபாத்ராதான் நினைவுக்கு வருகிறாள். விருந்தொன்றில் அவள் ஒரு முத்தைக் காடியில் கரைத்துக் குடித்தாள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். ரோமானியச் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அரேபியாவுக்கும் போவதைப் பற்றிப் புலம்பியவரும் அவரே. அவள் கரைத்தது எந்தக் கடலின் முத்தோ, நமக்குத் தெரியாது. ஆனால் காடியில் பொங்கிய குமிழிகளில் ஒரு கடலின் வெப்பநிலை இருந்தது.

*

ஆனால் மன்னார் வளைகுடா எளிதில் பிடிகொடுக்கும் கடலன்று. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த முறையைப் புகழ்வது நேர்மையாகாது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் வங்கக்கடலில் கொட்டிய நன்னீர், அம்மாதங்களில் கிழக்குக் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றி வருகிறது. மன்னார்க் கடலின் உப்பு அப்போது குறைகிறது. நன்னீரில் கன ஆக்சிஜன் குறைவு என்று மேலே கண்டோம். ஆகவே அப்போது வளரும் ஓட்டிலும் அது குறையவேண்டும். அதே மாதங்களில்தான் வாடையடித்து நீர் குளிர்கிறது. குளிர்ந்தால் ஓட்டில் கன ஆக்சிஜன் கூடவேண்டும். ஒரே பருவம் ஒரு கையால் எழுதுவதை மறு கையால் அழிக்கிறது! நீர் ஐந்து பாகை குளிர்ந்தால் விகிதம் ஆயிரத்தில் ஒன்று ஏறும். நன்னீர் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். நல்ல மழை பெய்த குளிர்ந்த ஆண்டும், மழை பொய்த்த மிதமான ஆண்டும் ஓட்டில் ஒன்றுபோலத் தெரியக்கூடும்.

இதற்கு வழி இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுவது. பவளத்தில் கால்சியத்துக்குப் பதிலாக நுழையும் ஸ்ட்ரான்சியத்தின் அளவு பெரும்பாலும் வெப்பத்தைப் பொறுத்தது; மழை அதை அதிகம் பாதிப்பதில்லை. அதைக் கொண்டு வெப்பத்தைத் தனியே கணித்து, ஆக்சிஜன் கணக்கிலிருந்து கழித்தால் எஞ்சுவது மழையும் ஆறும். வழக்கு மன்றத்தில் இரு சாட்சிகளின் வாக்குமூலத்தை ஒத்துப்பார்ப்பதைப் போன்றதுதான்.

*

சிப்பிக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது வரலாற்று மாணவனுக்கு வானிலையைவிடவும் சுவையானது.

முத்துச் சலாபம் எப்போதும் மாசி, பங்குனியை ஒட்டித்தான் நடந்தது. வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்குவதற்கு முன் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும் சில வாரங்கள் அவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடு வரை குளிப்பு நடந்ததாகக் குறிக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒன்று என்று பங்கீட்டையும் சொல்கிறார். அந்த மந்திரக்காரரைப் பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்றார்கள். ஆங்கில அரசும் அவருக்குப் பங்கு கொடுத்துவந்தது.

ஓட்டின் விளிம்பு அச்சிப்பி கடைசியாகக் கட்டியது. விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுரண்டி அளந்துகொண்டே போனால், கடல் சூடேறிக்கொண்டிருந்தபோது அது பிடிபட்டதா, குளிர்ந்துகொண்டிருந்தபோது பிடிபட்டதா என்று சொல்லலாம். உலகின் பல கடற்கரைத் தொல்லிடங்களில் மக்கள் எந்தப் பருவத்தில் சிப்பி பொறுக்கினார்கள் என்று இப்படிக் கண்டிருக்கிறார்கள். கொற்கையில் கிடைக்கும் முத்துச்சிப்பிகள் எல்லாமே ஒரே பருவத்தில் இறந்தவையாக இருந்தால், மார்க்கோ போலோவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒழுங்கமைந்த சலாபம் ஒன்று நடந்தது என்று பொருள்: நாள் குறித்து, படகு சேர்த்து, ஆள் திரட்டி நடத்தப்பட்ட ஓர் அரச நிறுவனம். பருவம் பாராமல் கலந்து கிடந்தால் கதை வேறு. கரையோர மக்கள் தம் தேவைக்கு எடுத்துத் தின்றும் விற்றும் வந்த எளிய தொழில் அது.

கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் கொல்கோயில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. நம் அகநானூறோ கொற்கைக் கரையில் அலை ஒதுக்கிய முத்துகள் குதிரையின் நடையையே தடுக்கும் என்று செழிப்பைப் பாடுகிறது. ஒன்று மூழ்கியவனைப் பற்றியது, மற்றது கரையில் நின்றவனைப் பற்றியது. சிப்பியின் விளிம்பு இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பேசக்கூடிய மூன்றாவது ஆவணம்.

*

இனி வழக்குக்கு வருகிறேன். வழக்கு என்றே சொல்லவேண்டும். ஏனெனில் இதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்டு.

தூத்துக்குடிப் பார்களில் முத்துச்சிப்பி ஆண்டுதோறும் விளைவதில்லை. 'பார்' என்பது கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளிக் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. சில ஆண்டுகள் சிப்பி மண்டிக்கிடக்கும். பிறகு பல ஆண்டுகள் வெறுமை. 1830க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சலாபம் இல்லை. 1830க்கும் 1856க்கும் இடையில் பதின்மூன்று முறை பார்களைச் சோதித்தும் பயனில்லை என்று சென்னை அரசின் பதிவுகள் சொல்கின்றன. 1860களின் தொடக்கத்தில் மீண்டும் சலாபம் நடந்தது. பிறகு மறுபடியும் நீண்ட வெறுமை. 1889 சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதினார்.

அரசுக்கு இது பெரிய வருவாய் இழப்பு. சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுடையது. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ஒரு பங்கு. ஆகவே காரணம் தேடினார்கள். பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தியதால் நீரோட்டம் மாறிவிட்டது என்றார் துறைமுக அதிகாரி ஒருவர். சங்கு குளிப்பவர்களின் படகுகள் பாரில் நங்கூரம் பாய்ச்சிக் கெடுத்தன என்றார்கள். சிப்பியை மூடிக் கொல்லும் 'சூரன்' என்ற மட்டியைக் குறை சொன்னார்கள். திருக்கை மீன் தின்றது என்றார்கள். திருட்டுக் குளிப்பு என்ற சந்தேகம் எப்போதும் இருந்தது. சாதாரணமாக நடப்பதுதான்; விளைச்சல் பொய்த்தால் முதலில் கண்ணில் படுபவன் கூலிக்காரன்.

எதிர்க்கரையில், இலங்கையில் நடந்தது இன்னும் பாடமானது. அங்கே உயிரியலாளர் ஹெர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஹார்னெல் உடன் உழைத்தார். 1903 முதல் அள்ள அள்ளக் கிடைத்தது. 1906இல் ஒரு கம்பெனி இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை! கம்பெனி நொடித்தது. விஞ்ஞானியின் அறிவுரையும் லண்டன் மூலதனமும் சேர்ந்தும் கடலை வசப்படுத்த முடியவில்லை. தூத்துக்குடியில் கடைசி வரிசைச் சலாபம் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது தனிக்கதை.

அந்த முப்பது ஆண்டு வெறுமைக்குக் காரணம் மனிதனா, கடலா? நீர் சூடாகியதா, வெள்ள ஆண்டுகளின் நன்னீர் இளஞ்சிப்பிகளைக் கொன்றதா? இதற்கு அரசு ஆவணங்களில் விடை இல்லை. அக்காலத்தில் கடலின் வெப்பத்தை ஆண்டு முழுவதும் யாரும் பதிவு செய்யவில்லை. முத்துச்சிப்பியும் முழு விடை தராது. அது ஐந்தாறு ஆண்டுகளே வாழும். மேலும் சிப்பி இல்லாத ஆண்டுகளைப் பற்றித்தானே கேள்வி? வேண்டிய சாட்சி பவளம். திரண்ட பாறைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும், நூற்றாண்டுகள் வாழும். 1990களில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் லட்சத்தீவுப் பவளங்களில் இப்படி ஓரிடத்தான் பதிவைப் படித்துக்காட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் 1830ஐத் தாண்டி நிற்கும் ஒரு பவளத் தலை, சந்தேகிக்கப்பட்ட சங்கு குளிப்பவர்களுக்காக இன்று வாக்குமூலம் கொடுக்கக்கூடும்.

*

அந்தப் பவளங்கள் எங்கே?

தூத்துக்குடியின் பழைய வீடுகளில் சுவரைச் சற்றுச் சுரண்டினால் வெள்ளைப் பவளக்கல் தெரியும். தீவுகளிலிருந்து பல்லாண்டுக் காலம் படகு படகாகப் பவளம் வெட்டிவந்து, கட்டடத்துக்கு வைத்தார்கள், சூளையில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். பிறகு இரசாயன ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். சிப்பிகளும் அதே சூளைக்குத்தான் போயின. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன. 1986இல் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. அதற்குள் பெருந்தலைகள் பல போய்விட்டன.

சூளையில் நடப்பது இதுதான். ஓடு நீறும்போது கரியமில வாயு பிரிகிறது. அதோடு சிப்பி எழுதிவைத்த விகிதம் அழிகிறது. சுண்ணாம்பு சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து மறுபடியும் அதே வாயுவை உறிஞ்சுகிறது. ஆகவே சுவரில் இருப்பது கொத்தனார் கட்டிய நாளின் காற்று. சிப்பி வாழ்ந்த கடல் அதில் இல்லை. தூத்துக்குடியின் வெள்ளைச் சுவர்கள் எரிந்துபோன ஓர் ஆவணக் காப்பகத்தின் சாம்பல்.

வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சலாபம் நின்ற ஊரில் மூழ்கத் தெரிந்தவனுக்குப் பவளம் வெட்டுவது ஒரு பிழைப்பு. ஓட்டுக்குள் ஆவணம் இருக்கிறது என்று 1940களின் பிற்பகுதிக்கு முன் உலகில் எவருக்குமே தெரியாது. தெரிந்த பிறகும் அவனிடம் போய்ச் சொன்னவர் யாருமில்லை.

*

தமிழ்நாட்டில் இம்முறையால் பழைய வானிலை படிக்கப்பட்ட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது கடலில் இல்லை, மலையில் இருக்கிறது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் மக்காத தாவரச் சேறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் அதன் கரிம ஓரிடத்தான்களை அளந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஈரம் விரும்பும் மரஞ்செடிகளில் கரிமம்-13 குறைவு. வறட்சி தாங்கும் புல்வகையில் கூடுதல். சோலை எப்போது பரவியது, புல்வெளி எப்போது மேலோங்கியது என்று இருபதாயிரம் ஆண்டுகளுக்கு அவர்களால் சொல்ல முடிந்தது. உறைபனிக் காலத்தின் உச்சத்தில் வறட்சி, பின்னர் ஈரம், ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி.

இதைப் படித்ததும் கை பரபரக்கும். வறட்சி முடிந்தது, மழை வந்தது, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் எழுந்தன என்று ஒரே கோட்டில் வரலாற்றை எழுதிவிடத் தோன்றும். அவசரப்படலாகாது. நீலகிரி வேறு, பொதிகை வேறு. தாமிரபரணி இரு பருவமழையும் பெறும் ஆறு. ஒன்று பொய்த்தால் மற்றது காக்கும். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியின் வயதுகளில் ஒன்றைக் கி.மு. 3345 என்கிறது. அது உறுதிப்பட்டால், வறட்சி என்று மலைச்சேறு சொல்லும் காலத்தின் நடுவிலேயே அங்கே மனிதர்கள் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். வானிலை மனிதனுக்கு மேடையைப் போட்டுத் தரும். நாடகத்தை அவனே எழுதுகிறான்.

அதனால்தான் அந்தந்த இடத்தின் சாட்சியம் அந்தந்த இடத்திலேயே வேண்டும் என்கிறேன். கொற்கையின் கடலைப் பற்றிக் கொற்கைச் சிப்பியிடம் கேட்கவேண்டும். அகழாய்வில் மணியும் காசும் எழுத்துப் பொறித்த ஓடும் வந்தால் பெட்டிக்குள் போகின்றன. சிப்பி எண்ணிக்கையாகப் பட்டியலில் ஏறினால் அதுவே அதிகம். எந்த அடுக்கில் எப்படிக் கிடந்தது என்ற குறிப்போடு, கழுவாமல், அமிலம் தொடாமல் அதைக் காக்க வேண்டும். கடற்சிப்பியின் கரிமம்-14 வயது, கடல்நீரின் பழைய கரிமத்தால் ஏறத்தாழ 400 ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும்; அதையும் திருத்திப் படிக்கவேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. சிப்பியும் ஓர் எழுத்து என்ற எண்ணம் வந்தால் போதும்.

முத்தால் இந்த வேலை ஆகாது. துளையிட்டு, கை மாறி, எந்தப் பாரில் எந்த ஆண்டில் பிறந்தது என்ற அடையாளத்தை இழந்து அரசிகளின் கழுத்துக்குப் போய்விடுகிறது அது. உடைத்து அளக்க யார் சம்மதிப்பார்? பிளந்து எறியப்பட்ட சிப்பிதான் பிறந்த ஊரிலேயே கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக முத்தைப் பாடிய மொழி நம்முடையது. மன்னார்க் கடல் 2010இலும் 2016இலும் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, இதுபோல முன்பு எப்போதாவது நடந்ததா என்று நாம் கேட்டோம். அக்கேள்விக்கு விடை வைத்திருப்பது கொற்கை வயலில் உழவு மாட்டின் காலடியில் நொறுங்கும் அந்த ஓட்டுச்சில்லுதான்.